மூளைக்குள் ஒரு குட்டி மடை!

நம் மண்டைக்குள் தினமும் சுமார் அரை லிட்டர் தண்ணீர் சுரக்கிறது, தெரியுமோ? பி.காம். பாஷையில் சொன்னால், வரவு. சுரந்தது முழுக்க ரத்தத்தில் போய்க் கலந்துவிட வேண்டும். அது செலவு. இரண்டும் 'டாலி' ஆகிறவரை பிரச்னை இல்லை. பச்சைக் குழந்தைக்கு நடுவழியில் அடைத்துக்கொண்டால்? தண்ணீர் தேங்கத் தேங்கத் தலை வீங்கும், மூளை நசுங்கும். ஹைட்ரோகெஃபலஸ்!

வழக்கமான வைத்தியம், 'ஷன்ட்'. மூளையிலிருந்து வயிறு வரை தோலுக்கடியில் ஒரு மெல்லிய ட்யூப், நடுவே வால்வு. லட்சக்கணக்கான குழந்தைகளைக் காப்பாற்றிய சாமான்தான். ஆனால் அடைத்துக்கொள்ளும், கிருமி தொற்றும், பிள்ளை வளர்ந்தால் நீளம் போதாது. இரண்டு வருஷத்துக்குள் பத்தில் நாலைந்து பேருக்குக் கோளாறு வந்துவிடுகிறது. வாந்தி, தலைவலி, எழுப்பினாலும் கண் திறக்காத தூக்கம்... உடனே ஆபரேஷன் தியேட்டருக்கு ஓட வேண்டும். தியேட்டர் பக்கத்தில் இல்லாவிட்டால்?

2000-ல் உகாண்டாவின் ம்பாலே ஊருக்குப் போன அமெரிக்க டாக்டர் பெஞ்சமின் வார்ஃபுக்கு இதே கவலை. ஷன்ட் வைத்துக் கிராமத்துக்கு அனுப்பலாம். அடைக்கிற அன்றைக்குக் குழந்தை திரும்பி வந்து சேருமா?

அவர் கையிலெடுத்தது எண்டோஸ்கோப். சின்ன துவாரம் வழியாக உள்ளே போய், மூளையின் மூன்றாவது அறையின் தரையில் ஓர் ஓட்டை. மடை திறந்தாச்சு! புது யோசனை இல்லை. 1923-லேயே பாஸ்டனில் டாக்டர் மிக்ஸ்டர் செய்தது. சிறுநீர்ப் பாதையைப் பார்க்கிற குழாயை மனுஷர் மூளைக்குள் விட்டிருக்கிறார்! (எப்படித்தான் தோணுமோ!)

வார்ஃப் கூடுதலாக ஒன்று செய்தார். திரவம் சுரக்கிற திசுவையும் சுட்டுப் பொசுக்கினார். வரவிலேயே கை வைத்துவிட்டார்! ஒரு வயசுக்குட்பட்ட குழந்தைகளில், ஓட்டை மட்டும் போட்டால் பாதிப் பேருக்குத்தான் பலித்தது. இரண்டும் சேர்ந்ததும் மூன்றில் இரண்டு பங்குக்கு! ஷன்ட்டையும் இதையும் அங்கேயே 100 குழந்தைகளிடம் ஒப்பிட்டு 2017-ல் முடிவு வெளியானது. ஒரு வருஷம் கழித்து மூளை வளர்ச்சியில் பெரிய வித்தியாசமில்லை. ட்யூப் இல்லாமலே அந்தப் பலன் என்பதுதான் விசேஷம்.

ஏற்கெனவே ஷன்ட் வைத்து அடைத்துக்கொண்ட பிள்ளைகளிலும் சிலருக்கு, புது ட்யூப் மாட்டுவதற்குப் பதில் இந்த ஓட்டையைப் போட்டுப் பார்க்கிறார்கள். எல்லாருக்கும் ஒத்துவராது. அடைப்பு எங்கே, வயசு என்ன என்று ஸ்கேனைப் பார்த்து டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

இந்த ஓட்டையும் மூடிக்கொள்வதுண்டு. பெரும்பாலும் முதல் சில மாதங்களுக்குள். அபூர்வமாக, வருஷங்கள் கழித்துத் திடீரென்று. அதனால், 'ட்யூப்தான் இல்லையே' என்று ஆஸ்பத்திரி ஃபைலைப் பரணில் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மறுபடி அதே வாந்தி, அதே தூக்கம் என்றால், அஜீரணம் என்று கஷாயம் காய்ச்சிக்கொண்டிருக்காமல் ஃபைலோடு ஆட்டோ பிடியுங்கள்.