காரைக்குடியில் இருந்தே கேம் செய்யலாமா? ‘வெண்பா’ காட்டும் வழி

வீடியோ கேம்னாலே துப்பாக்கியும் கார் ரேஸும்தானா? 2023 ஜூலை 31 அன்று வெளியான ‘வெண்பா’வில் விளையாடுபவர் கையில் இருப்பது இட்லித் தட்டு! கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பம், எழுத்து அழிந்துபோன அம்மாவின் சமையல் நோட்டு. விட்டுப்போனதை யூகித்துச் சமைக்கணும், அவ்வளவுதான். டொரண்டோவின் ‘விசை கேம்ஸ்’ என்ற சிறிய குழு உருவாக்கிய இந்த கேம், 2024-ல் சிறந்த அறிமுக கேமுக்கான பாஃப்டா விருதை வென்றது.

சுமார் ஒன்றரை மணி நேரத்தில் முடிஞ்சிடுதே என்பது கேம் பிரியர்களின் குறை. நியாயமான குறைதான். ஆனா, வேலை நேரம் போக கேம் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு அதுவே நல்ல செய்தி. சின்னதா இருந்தாலும் போதும்.

செட்டிநாட்டில் இருந்து தொடங்குபவர் கதைக்கு அலைய வேண்டாம். ஆடு புலி ஆட்டம் இருக்கே! 3 புலி, 15 ஆடு, 23 புள்ளிகள், விதிகள் தயார். ‘கோடாட்’ மென்பொருள் இலவசம், சாதாரண லேப்டாப் போதும், கேமை விற்றாலும் பங்கு கேட்காது.

முதலில் இரண்டு பேர் ஒரே போனில் ஆடும்படி செய்யுங்க. கம்ப்யூட்டரையே புலியா ஆட வைக்கிறது அடுத்த கட்டம். பலரும் திணறுவது அங்கேதான்.