சுவரில் ஒரு சீசா, வானத்தில் ஒரு பாலம்

சீசா பலகையில் தனியா ஆட முடியாது. எதிர்ப்பக்கம் ஒருத்தர் உட்கார்ந்தால்தான் நம்ம பக்கம் மேலே எழும். முதல் வருஷ மெக்கானிக்ஸ்ல விசை பெருக்கல் தூரம்னு நாம படிச்சதுதான். இதை ஒரு நாட்டின் எல்லைச் சுவரில் கொண்டுபோய் மாட்டினார்கள் இரண்டு பேர்.

2019 ஜூலை 28. இந்தப் பக்கம் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்திலுள்ள சன்லேண்ட் பார்க். அந்தப் பக்கம் மெக்சிகோவின் ஹுவாரெஸ் நகரத்து அனாப்ரா குடியிருப்பு. நடுவில் இருப்பது செங்கல் சுவர் இல்லை. உயரமான இரும்புத் தூண்களைச் சின்னச் சின்ன இடைவெளி விட்டு நட்ட வேலி. ரொனால்ட் ரேலும் வர்ஜீனியா சான் ஃப்ராடெல்லோவும் அந்த இடைவெளிகளில் மூன்று மெல்லிய இளஞ்சிவப்புக் கம்பிகளைச் செருகி, இரண்டு முனையிலும் இருக்கை வைத்தார்கள். சீசாவுக்கு ஒரு தாங்குபுள்ளி வேணுமே? சுவரேதான் தாங்குபுள்ளி! பிரிக்கக் கட்டினதையே இயந்திரத்தின் ஒரு பாகமாக்கிட்டாங்க. இரண்டு நாட்டுக் குழந்தைகளும் பெரியவர்களும் ஏறி ஆடினார்கள். மொத்தம் ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, கழற்றிவிட்டார்கள். ஆனால் வீடியோ உலகம் முழுக்கப் போனது. லண்டன் டிசைன் மியூசியத்தின் 2020-ம் ஆண்டுக்கான சிறந்த வடிவமைப்பு விருதும் கிடைத்தது.

எனக்கு இதில் ஒரு சின்ன மனக்குறை. சீசா பார்க்க அழகு, ஆனால் ஆடினவங்களுக்குள்ள பேச்சு நடக்க அதில் பெரிசா இடமில்லை. அந்த இடத்தை ஏற்படுத்தித் தந்தது, நாலு மாசம் கழித்து அதே ஊர்ப்பக்கம் வந்த இன்னொரு வேலை.

இடையில் நடந்ததைச் சொல்லியாகணும். ஹுவாரெஸுக்கு நேர் எதிரே, ரியோ கிராண்டே ஆற்றின் மறுகரையில் இருப்பது டெக்சாஸின் எல் பாசோ. ராத்திரி மலை மேல் நின்று பார்த்தால் எந்த விளக்கு எந்த நாடு என்றே தெரியாது. ஒரே ஊர் மாதிரி இருக்கும். சீசா ஆடி ஆறே நாளில், ஆகஸ்ட் 3 அன்று, எல் பாசோவின் ஒரு கடைக்குள் மெக்சிகோ வம்சாவளியினரைக் குறிவைத்து ஒருவன் சுட்டான். 23 பேர் உயிரிழந்தார்கள். எல்லைக்கு அப்பாலிருந்து சாமான் வாங்க வந்தவர்களும் அதில் இருந்தார்கள்.

அந்த நவம்பரில்தான் ரஃபேல் லொசானோ-ஹெம்மர் அங்கே 'பார்டர் ட்யூனர்' என்ற படைப்பை அமைத்தார். மெக்சிகோ சிட்டியில் பிறந்தவர், கனடாவில் வேதியியல் படித்தவர் (நம்ம ஆளுன்னு சொல்லிக்கலாம்). எல் பாசோவில் மூன்று நிலையங்கள், ஹுவாரெஸின் சமிசல் பூங்காவில் மூன்று. ஒவ்வொன்றிலும் ஒரு மைக், ஒரு ஸ்பீக்கர், ஒரு பெரிய திருகு. பக்கத்திலேயே மூன்று ராட்சத சர்ச் லைட்டுகள். திருகைச் சுழற்றினால் அந்த மூன்றும் சேர்ந்து ஒரே ஒளிக்கையாக வானத்தில் அசையும். உங்க கையும் எதிர்க்கரையில் யாரோ திருப்புகிற கையும் சந்தித்துவிட்டால், அந்த இரண்டு நிலையங்களுக்கும் நடுவில் ஒலித்தடம் திறக்கும். அப்புறம் பேசலாம், பாடலாம், சும்மா "ஹோலா" சொல்லலாம். கையை விலக்கினால் தொடர்பு போயிடும். பழைய ரேடியோவில் முள்ளை நகர்த்தி ஸ்டேஷன் பிடிப்போமே, அதுதான் பெயரிலும் இருக்கு.

இங்கே ஒண்ணு கவனிக்கணும். குரலைச் சுமப்பது ஒளி இல்லை. எந்தக் கை எந்தத் திசையில் நிற்கிறது என்பது கணினிக்குத் தெரியும்; இரண்டும் பொருந்தும்போது அது இணைப்பைக் கொடுக்கிறது, அவ்வளவுதான். ஆனால் பேசுபவரின் குரலுக்கு ஏற்ப ஒளியின் பிரகாசம் கூடிக் குறையும், மோர்ஸ் தந்தி மாதிரி வானம் துடிக்கும்.

அப்படின்னா ஒரு போன் போதாதா? போதாது. போனில் தெரிந்தவரைத்தான் கூப்பிடுவோம். இங்கே எதிரே யார் வருவார் என்றே தெரியாது. அவரும் திருகைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். மேலே, இரண்டு பேர் இப்போ பேசிக்கிட்டிருக்காங்க என்பது இரண்டு ஊருக்கும் தெரியும். உளவு பார்க்கவும் ஆள் தேடவும் பயன்பட்ட சர்ச் லைட்டை அவர் வேணும்னேதான் எடுத்துக்கொண்டார்.

இடமும் சும்மா தேர்ந்தெடுத்தது இல்லை. 19-ம் நூற்றாண்டில் ரியோ கிராண்டே தெற்கே நகர்ந்து தடம் மாறியதால், சமிசல் நிலம் யாருக்குச் சொந்தம் என்று இரண்டு நாடுகளும் நூறு வருஷம் போல சண்டை போட்டன. 1963-ல் ஒப்பந்தம் போட்டு நிலத்தைப் பிரித்துக்கொண்டார்கள். ஆறு மறுபடி நகராதபடி அதைக் கான்கிரீட் கால்வாயில் அடைத்தார்கள். அந்தக் கான்கிரீட்டுக்கு மேலேதான் ஒளிக்கைகள் கைகுலுக்கின.

13-ம் தேதியிலிருந்து 24-ம் தேதி வரை, பன்னிரண்டு ராத்திரி. திரும்பிப் போனால் மறுபடி உள்ளே வரமுடியாது என்பதால் எல் பாசோ பக்கமே தங்கிப்போனவர்களுக்கு, மறுகரையின் குரல் அத்தனை நாளும் ஒரு திருகு தூரத்தில் இருந்தது. 25-ம் தேதி விளக்குகள் இல்லை. பாலத்தில் பாஸ்போர்ட் வரிசை வழக்கம்போல நின்றது.