பங்கு பிரித்து வாழும் தீவு

தென் பசிபிக்கில் பாமர்ஸ்டன் என்றொரு தீவு. வாலில் நீண்ட சிவப்பு இறகு கொண்ட போசன் பறவை அங்கே கூட்டம் கூட்டமாகக் குஞ்சு பொரிக்கிறது. குஞ்சுகள் கொழுத்து, பறக்கத் தொடங்குவதற்குச் சற்று முன்பாக, ஆண்டுக்கு ஒருமுறை ஊரார் படகேறிப் பக்கத்துத் திட்டுகளுக்குப் போகிறார்கள். பிடித்து வந்ததையெல்லாம் ஓரிடத்தில் சேர்த்து எண்ணுகிறார்கள். பிறகு தலைக்கு இத்தனை என்று சமமாகப் பிரிக்கிறார்கள். ஓடியாடிப் பிடித்த இளைஞனுக்கு எத்தனையோ, தொட்டிலில் கிடக்கும் பிள்ளைக்கும் அத்தனை.

வெள்ளைக்கார மாலுமி ஒருவர் ஆளில்லாத தீவில் மனைவியரோடு இறங்கிச் சந்ததி பெருக்கினார் என்றுதான் பயணக் கட்டுரைகள் பாமர்ஸ்டனைப் பற்றிச் சொல்லிவருகின்றன. கேட்கச் சுவையாக இருக்கிறது. ஆனால் ஒரு தீவில் போய் இறங்குவது ஒரு நாள் வேலை. அங்கே ஒரே குடும்பம் 160 ஆண்டுகளுக்கு மேல் நிலைத்திருக்கிறதே, அதற்கு அந்த மாலுமியின் துணிச்சல் மட்டும் காரணமாக இருக்க முடியாது. அங்கே வாழத் தெரிந்த பெண்களும், இருப்பதைச் சண்டையில்லாமல் பிரித்துக்கொள்ள வகுத்த முறையும்தான் அந்தக் குடும்பத்தைக் காப்பாற்றியிருக்கின்றன என்று நான் நினைக்கிறேன்.

பாமர்ஸ்டன் இருப்பது குக் தீவுகளின் தலைநகர் இருக்கும் ராரோடோங்காவிலிருந்து வடமேற்கே சுமார் 500 கிலோமீட்டரில். வளையமாக ஒரு பவளத்திட்டு, உள்ளே காயல், வளையத்தின் மேல் அங்கங்கே மணல் தீவுகள். நிலம் முழுவதையும் சேர்த்தாலும் மூன்று சதுர கிலோமீட்டர் தேறாது. 1774-ல் ஜேம்ஸ் குக் இதைக் கண்டு பெயர் வைத்தார். 1777-ல் மறுபடி வந்தபோதுதான் அவருடைய ஆட்கள் கரையில் கால் வைத்தார்கள். அப்போது அங்கே மனிதர் யாரும் இல்லை.

1863-ல் வந்தவர் வில்லியம் மார்ஸ்டர்ஸ். இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயர்க்காரர், கப்பல் தச்சர். தாஹிட்டியில் பெருவணிகராக இருந்த ஜான் பிராண்டருக்காகத் தென்னை வளர்த்துக் கொப்பரை சேர்ப்பது அவருடைய வேலை. கூட வந்தவர்கள் பென்ரின் தீவைச் சேர்ந்த பெண்கள் இருவர், ஒருவருக்கொருவர் உறவு. மூத்தவர் அந்தத் தீவுத் தலைவர் ஒருவரின் மகள். மூன்றாவது மனைவி பின்னால் சேர்ந்துகொண்டார்.

இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். 1862, 63 ஆண்டுகளில் பெரு நாட்டிலிருந்து ஆள்பிடிக்கும் கப்பல்கள் பசிபிக் தீவுகளைச் சுற்றிக்கொண்டிருந்தன. பென்ரினிலிருந்து மட்டும் நூற்றுக்கணக்கானோரைக் கூலிவேலை என்று ஆசைகாட்டி ஏற்றிச் சென்றார்கள். போனவர்களில் ஊர் திரும்பியவர்கள் மிகச் சிலர். தீவே வெறிச்சோடிப்போனது. அதே காலத்தில்தான் அந்த மண்ணின் பெண்கள் இருவர் ஆளில்லாத பாமர்ஸ்டனில் அடுப்பு மூட்டினார்கள். அவர்கள் மனதில் என்ன ஓடியது என்று எழுதிவைத்தவர் யாரும் இல்லை. ஆனால் பென்ரினும் இதே மாதிரியான பவளத் தீவுதான். ஆறு கிடையாது, மண் கிடையாது, தென்னையும் மீனும் மட்டும். ஓலை முடையவும், குருத்தை உரித்துப் பதப்படுத்தித் தொப்பி பின்னவும், அலை ஓடும் திட்டின் மேல் காலில் வெட்டுப்படாமல் நடந்து மீன் பிடிக்கவும் சிறுவயதிலேயே கற்றுக்கொள்ளும் ஊர் அது. நெடுநாள் கப்பலில் வாழ்ந்த தச்சருக்கு அந்தத் தீவில் முதல் ஆசான்கள் யார் என்பதை ஊகிப்பது கடினமில்லை. குடும்பத்துக்குப் பெயர் அவரிடமிருந்து வந்தது, சோறு அவர்களிடமிருந்து வந்தது என்பேன்.

மார்ஸ்டர்ஸின் பங்கையும் குறைக்கக் கூடாது. கரை ஒதுங்கிய கப்பல் மரங்களைக் கொண்டு அவர் கட்டிய வீடு 1926 சூறாவளியில் ஊர் சிதைந்தபோதும் நின்றது. அதைவிட உறுதியாக நின்றது அவர் செய்த பாகப்பிரிவினை. குடியிருக்கும் தீவையும் மற்றத் திட்டுகளையும் மூன்றாகப் பிரித்து, மனைவிக்கு ஒன்று, அவர் வழிவந்தவர்களுக்கு அதுவே என்று எழுதாத சட்டமாக்கினார். ஒரு கிளைக்குள் பெண் கொடுப்பதும் எடுப்பதும் கூடாது, அடுத்த கிளையில்தான் சம்பந்தம் தேட வேண்டும் என்றார். பங்காளிக்குள் கல்யாணம் இல்லை என்று வளர்ந்த நமக்கு இந்த விதி உடனே புரியும். தகப்பன் ஒருவரே ஆனாலும் தாய்வழியில் மூன்று வகையறா. அத்தனை சிறிய இடத்தில் ஒருவர் வேலியை ஒருவர் தாண்டாமல் இருக்கவும், தாண்டிப் போய் உறவாடவும் ஒரே ஏற்பாடு உதவியது.

பிராண்டர் இறந்த பிறகு தீவு யாருக்கு என்ற வழக்கு எழுந்தது. 1891-ல் பிரிட்டன் தீவைத் தன் ஆளுகையில் சேர்த்துக்கொண்டது. 1899-ல் மார்ஸ்டர்ஸ் காலமானார். நிலம் முழுமையாகக் குடும்பத்துக்கே என்று சட்டம் சொன்னது 1954-ல்தான்.

இன்றும் விமான நிலையம் கிடையாது, கடை கிடையாது. ராரோடோங்காவிலிருந்து சரக்குக் கப்பல் ஆண்டுக்குச் சில முறை வரும். அரிசி, மாவு, டீசல் எல்லாம் மாதக் கணக்கில் முன்கூட்டி யோசித்துச் சொல்லிவிட வேண்டும். பெரிய கப்பல் பவளத்திட்டுக்குள் நுழைய வழியில்லை. வெளியே நிற்கும் கப்பலிலிருந்து சிறு படகுகளில் இறக்கி, திட்டில் உள்ள குறுகிய இடைவெளி வழியே அலை பார்த்துக் கொண்டுவர வேண்டும். குடிநீர் கூரையில் விழும் மழை, தொட்டியில் சேர்த்தது. காயலில் பிடிக்கும் கிளிமீனை உறையவைத்து ராரோடோங்காவுக்கு அனுப்புவது முக்கிய வருமானம். அதற்கு மின்சாரம் வேண்டும். 2015 வாக்கில் சூரிய மின்நிலையம் வந்ததும் டீசல் கவலை வெகுவாகக் குறைந்தது.

பாய்மரப் படகில் உலகம் சுற்றுபவர்கள் வழியில் இங்கே நங்கூரமிடுவதுண்டு. வெள்ளைப் பாய் தெரிந்தால் தீவிலிருந்து படகுகள் கிளம்பும். எந்தக் குடும்பம் முதலில் போய்ச் சேர்கிறதோ, தங்கும் நாள் முழுதும் விருந்தினர் அந்த வீட்டுக்குச் சொந்தம். சாப்பாடு, கரைக்கு ஏற்றி இறக்குவது எல்லாம் அவர்கள் பொறுப்பு. விருந்தாளிகள் பழுது பார்த்தும் பொருள் கொடுத்தும் கைம்மாறு செய்கிறார்கள். விருந்தாளியைக்கூட வாதமில்லாமல் பங்கிட்டுக்கொள்ள ஒரு முறை இருக்கிறது பாருங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் ஆட்கள் குறைகிறார்கள். மார்ஸ்டர்ஸின் பிள்ளைகளில் கடைசியாக இருந்த மகள் 1973-ல் இறந்தபோதே ராரோடோங்காவிலும் நியூசிலாந்திலும் அந்தக் குடும்பத்தார் ஆயிரம் பேருக்கு மேல் இருந்தார்கள். தீவில் இருப்பவர்கள் அறுபதைத் தொட்டாலே அதிகம். குக் தீவுகளின் மக்கள் நியூசிலாந்துக் குடிமக்களும்கூட. ஆக்லாந்தில் வேலைக்குப் போக விசா வேண்டியதில்லை. மேல்படிப்புக்குப் போன பிள்ளை அங்கேயே வேர் பிடிக்கிறது. ஒரே பள்ளி, ஒரு சிறு மருத்துவ நிலையம் என்றிருக்கும் ஊரில் இரண்டு குடும்பம் புறப்பட்டால் வகுப்பறையில் பாதி காலி.

போனவர்களுக்கும் நிலத்தில் உரிமை இருக்கிறது. நான்கு தலைமுறை கழித்து வந்தாலும் எந்தக் கிளை என்று சொன்னால் போதும், இடம் உண்டு. ஆக்லாந்திலிருந்து திரும்பி வர நினைக்கும் இளம் தம்பதிக்கு ஆகவே மனையைப் பற்றிய கவலை இல்லை. கப்பல் எந்த மாதம் கிளம்பும், கைக்குழந்தைக்கு இரவில் காய்ச்சல் அடித்தால் யாரிடம் கேட்பது, மூத்தவன் பள்ளி முடித்த பிறகு எங்கே தங்கிப் படிப்பான் என்று கேட்கிறார்கள். அதற்குப் பதில் சொல்ல வேண்டியது ராரோடோங்காவில் இருக்கும் அரசாங்கம்.