ஏரி விளிம்பில் கோரை

கோரை என்றதும் உழவருக்கு நினைவுக்கு வருவது களைதான். வயலில் மண்டும் கோரையைப் பிடுங்கினால் தாள் மட்டும் கையோடு வரும்; மண்ணுக்குள் தங்கிய கிழங்கு சில நாளிலேயே மறுபடி துளிர்த்துவிடும். அந்தக் கெட்ட பெயர் ஏரி, ஆற்றோரங்களில் வளரும் அதன் உறவான பாய்க்கோரைக்கும் ஒட்டிக்கொண்டது அநியாயம்.

பாய்க்கோரைத் தண்டை விரல்களுக்கிடையே உருட்டிப் பாருங்கள். சீராக உருளாது, மூன்று பட்டைகள் தட்டுப்படும். புல்லுக்கு இருப்பதுபோல் கணு கிடையாது. உள்ளே வெண்மையான சோறு நிறைந்திருக்கும். கணுவில்லாத இந்த நீளத்துக்காகத்தான் முசிறி, கரூர்ப் பக்கம் காவிரிக்கரையில் இதைப் பயிராகவே வைக்கிறார்கள். பத்தமடைப் பாயும் கோரையைக் கிழித்து, ஊறவைத்து நெய்வதுதான்.

அந்தச் சோறு பஞ்சுபோல் காற்றறைகள் நிறைந்தது. நீர் தேங்கிய சேற்றில் வேருக்கு ஆக்சிஜன் கிடைக்காது. நெல் தவிர நம் பயிர்கள் பலவும் அங்கே அழுகிவிடும். கோரையோ மேலிருந்து காற்றை இந்த அறைகள் வழியே வேருக்கு இறக்குகிறது. அந்தக் காற்று வேரிலிருந்து கொஞ்சம் கசியவும் செய்யும். சேற்றில் கரைந்த இரும்பு அதனால் துருவாகி, வேரின்மேல் செம்பழுப்பாகப் படியும்.

கோரைக்கு வேண்டிய இந்த ஈரம் பெரம்பலூர், அரியலூரின் களிமண்ணில் நெடுநாள் நிற்கும். அரியலூர் மாவட்டக் கரைவெட்டி ஏரி சுமார் 454 ஹெக்டேர். 1999இல் பறவைகள் சரணாலயமாகி, 2024இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. வடகிழக்குப் பருவமழையும் புள்ளம்பாடி வாய்க்கால் நீரும் அதை நிரப்புகின்றன, கோடையில் நீர் இறங்கிவிடும். கோரை இனங்களுக்கு ஏற்ற இடம் இப்படி ஏறியிறங்கும் ஏரியின் விளிம்புதான். முழு வெயிலும் ஆழமில்லாத நீரும் வேண்டும். இளந்தளிர் நெடுநாள் மூழ்கினால் தாங்காது. வறண்ட மாதங்களில் மண்ணுக்கடியில் படுத்திருக்கும் தண்டு உயிரைப் பிடித்து வைத்திருக்கும். நீலத்தாழைக்கோழி என்ற பறவை இப்படிப்பட்ட கோரைப் புதர்களில் கூடு கட்டும், தண்டைக் கடித்துத் தின்னும்.

ஏரிகளைத் தூர்வாரத்தான் வேண்டும். ஆனால் விளிம்பைச் செங்குத்தாக வெட்டிவிட்டால் ஆழமற்ற நீர் ஒரு முழம்கூட மிஞ்சாது. வண்டலோடு கோரையின் அடித்தண்டும் லாரியேறிப் போய்விடும். ஒரு பக்கமாவது சரிவாக விட்டு, ஈரம் இருக்கும்போதே அடித்தண்டைத் துண்டு போட்டு நட்டால் மீண்டும் பிடித்துக்கொள்ளும்.