தாம்பரம் – தரமணி வட்டாரத்தில் இடைநிலைத் தொண்டு நிறுவனங்களின் தோற்றமும் தேய்வும்

ஆய்வுச் சுருக்கம்

தொண்டு நிறுவனம் என்றதும் நன்கொடை அளிப்போரும் பயன்பெறுவோருமே நினைவுக்கு வருகின்றனர். இவ்விருவருக்கும் இடையில் நின்று, பெருந்தொகையைப் பெற்று, அதைச் சிறு அமைப்புகளுக்குப் பகிர்ந்தளித்து, பயிற்சியும் தந்து கணக்கும் கேட்கும் நிறுவனத்தை இக்கட்டுரை ‘இடைநிலை நிறுவனம்’ எனக் குறிக்கிறது. தென்சென்னைப் புறநகரில் எய்ட்ஸ் தடுப்புப் பணியின்போது இவ்வகை நிறுவனம் பெற்ற வளர்ச்சியையும், 2020க்குப் பிந்தைய சட்டத் திருத்தங்கள் அதன் இடத்தைச் சுருக்கிய முறையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச் சொற்கள்: தன்னார்வத் துறை, தாம்பரம், இடைநிலை நிறுவனம், வெளிநாட்டு நன்கொடை, பெருநிறுவனச் சமூகப் பொறுப்பு.

முன்னுரை

தமிழ்நாட்டில் இலாப நோக்கமற்ற அமைப்பொன்று மூன்று வழிகளில் சட்ட வடிவம் பெறலாம். ஏழு பேருக்குக் குறையாதோர் கூடி, தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன்கீழ்ச் சங்கமாகப் பதிவு செய்யலாம். அறக்கட்டளை ஆவணம் எழுதிச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியலாம். கம்பெனிகள் சட்டம், 2013இன் 8ஆம் பிரிவின்கீழ் நிறுவனமாகவும் அமையலாம். மகாராட்டிரத்தில் பொது அறக்கட்டளைகளுக்கென 1950ஆம் ஆண்டின் தனிச்சட்டமும் அறநிலைய ஆணையரும் உள்ளனர். தமிழ்நாட்டில் சமயஞ்சாராப் பொது அறக்கட்டளைகளுக்கு அத்தகைய தனிச்சட்டம் இல்லை. எனவே, இங்குத் தொண்டு நிறுவனங்களின் அன்றாடப் போக்கை வரையறுப்பவை பெரும்பாலும் வருமான வரி, வெளிநாட்டு நன்கொடை, கம்பெனி ஆகியவை பற்றிய மத்தியச் சட்டங்களே. இச்சட்டங்களில் ஏற்படும் சிறு மாற்றமும் மாநிலம் முழுவதும் களப்பணியின் வடிவத்தை மாற்றிவிடும். அம்மாற்றத்தைத் தெளிவாகக் காண ஏற்ற நிலப்பரப்பு, தாம்பரம் தொடங்கித் தரமணி வரையிலான புறநகராகும்.

சானடோரியமும் அரசும்

இவ்வட்டாரத்தின் தொண்டு வரலாறு தாம்பரம் சானடோரியத்துடன் நெருங்கிய தொடர்புடையது. மருத்துவர் டேவிட் சௌரி முத்து 1928இல் காசநோயாளர்களுக்காக இங்கு ஒரு நலவாழ்வு இல்லத்தை நிறுவினார். 1937இல் அது அரசின் கைக்கு வந்தது. இன்று அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையாக இயங்கும் அதன் பழைய பெயரைத் தொடர்வண்டி நிலையம் இன்னும் தாங்கி நிற்கிறது. தனிமனித முயற்சி ஒரு தேவையை அடையாளம் காண்பதும், பின்னர் அரசு அதனை ஏற்று நடத்துவதும் தமிழ்நாட்டில் மீண்டும் மீண்டும் காணப்படும் போக்காகும். மகளிர் சுயஉதவிக் குழுக்களையும் இதற்குச் சான்றாகக் காட்டலாம். 1989இல் தருமபுரியில் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தொடங்கிய அம்முயற்சி, 1997இல் மகளிர் திட்டமாக விரிந்தபோது தொண்டு நிறுவனங்களே குழுக்களை அமைத்துப் பயிற்றுவித்தன. 2005இல் வந்த புது வாழ்வுத் திட்டமும் அதன்பின் வந்த ஊரக வாழ்வாதார இயக்கமும் கிராம அளவிலான அமைப்புகளோடு நேரடியாக உறவு கொண்டன. இடையில் நின்ற தொண்டு நிறுவனங்களின் பங்கு படிப்படியாகக் குறைந்தது.

தரமணி மாதிரி

இடைநிலை நிறுவனத்தின் முழு வடிவத்தை எய்ட்ஸ் தடுப்புப் பணியில் காணமுடிகிறது. இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று 1986இல் சென்னையில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. அதைக் கண்டறிந்த குழுவை வழிநடத்திய மருத்துவர் சுனிதி சாலமன், 1993இல் ஒய்.ஆர்.ஜி. கேர் என்னும் தொண்டு நிறுவனத்தைத் தொடங்கினார். 1994இல் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் உருவானது. அரசே தன் துறையொன்றின் பணியைச் சங்கமாகப் பதிவு செய்து நடத்தியமை இங்குக் கருதத்தக்கது. அரசுத் துறையின் நடைமுறைத் தாமதங்களைக் குறைக்கத் தொண்டு நிறுவனத்தின் சட்ட வடிவத்தை அரசு கடன் வாங்கியது எனலாம்.

மருத்துவர் கே.எஸ். சஞ்சீவி 1958இல் நிறுவிய வாலண்டரி ஹெல்த் சர்வீசஸ் தரமணியில் மருத்துவமனை நடத்திவந்தது. 1995இல் அமெரிக்க அரசின் வளர்ச்சி உதவி முகமையான யு.எஸ். எய்டின் நிதியுடன், ‘ஏபேக்’ எனச் சுருக்கமாக அழைக்கப்பட்ட எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுத் திட்டத்தை அது ஏற்றது. இத்திட்டத்தில் வாலண்டரி ஹெல்த் சர்வீசஸ் எல்லாக் களப்பணிகளையும் தானே செய்யவில்லை. லாரி ஓட்டுநர்களிடமும் பாலியல் தொழிலாளரிடமும் பணியாற்றிய தொண்டு நிறுவனங்களைத் தேர்ந்தெடுத்து நிதி வழங்கியது. களப்பணியாளருக்குப் பயிற்சி தந்தது. 1996 முதல் நடத்தை மாற்றம் குறித்த அளவாய்வுகளையும் மேற்கொண்டது.

இம்முறையின் தேவையைப் பணியின் தன்மையே விளக்குகிறது. நெடுஞ்சாலை நிறுத்தத்தில் இரவில் ஓட்டுநர்களோடு பேசக்கூடியவர், அவர்கள் நம்பிக்கையைப் பெற்ற உள்ளூர்க்காரர். அவர் சார்ந்த சிறு அமைப்புக்கு வெளிநாட்டு நிதி முகமையின் அறிக்கை மொழியோ தணிக்கை விதிகளோ பழக்கமானவை அல்ல. நிதி முகமைக்கோ நூற்றுக்கணக்கான சிறு அமைப்புகளை நேரில் அறிய வழியில்லை. இந்த இரு இயலாமைகளையும் இணைத்த பாலமே இடைநிலை நிறுவனம். பெரிய தொகையைச் சில்லறையாக்குவதும், களத்தின் வாய்மொழி அறிவை அறிக்கையாக்குவதும் அதன் இரட்டைப் பணிகள் ஆகும்.

இப்பணியின் மறுமுனையில் தாம்பரம் மருத்துவமனை நின்றது. காசநோய்க்கென உருவான அம்மருத்துவமனை எச்.ஐ.வி. நோயாளர்களை ஏற்று, நாட்டின் மிகப்பெரிய சிகிச்சை மையங்களுள் ஒன்றாக வளர்ந்தது. 2004 ஏப்ரல் 1 அன்று இந்திய அரசு இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சையைத் தொடங்கியபோது முதற்கட்ட மருத்துவமனைகளுள் இதுவும் ஒன்று. மருந்து அரசினுடையது, நோயாளரை அச்சம் நீக்கி மருத்துவமனை வரை அழைத்துவரும் பணியில் தொண்டு நிறுவனங்களுக்குப் பெரும்பங்கு உண்டு.

சட்டம் மாறிய விதம்

வெளிநாட்டு நன்கொடை (ஒழுங்குமுறை)ச் சட்டம், 2010இன் 7ஆம் பிரிவு, பதிவுபெற்ற ஓர் அமைப்பு தான் பெற்ற வெளிநாட்டு நன்கொடையைப் பதிவுபெற்ற மற்றோர் அமைப்புக்கு மாற்றித்தர இடமளித்தது. 2020 செப்டம்பரில் நிறைவேறிய திருத்தம் அத்தகைய மாற்றத்தை முற்றிலும் தடை செய்தது. தரமணி மாதிரியை வெளிநாட்டு நிதியைக்கொண்டு அதே வடிவில் இன்று நடத்த இயலாது.

அதே திருத்தம் நிர்வாகச் செலவின் உச்சவரம்பை 50 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காடாகக் குறைத்தது. ஆண்டுக்குப் பத்து இலட்சம் ரூபாய் பெறும் சிறு அமைப்பு முன்பு ஐந்து இலட்சம் வரை நிர்வாகத்துக்குச் செலவிடலாம். இப்போது இரண்டு இலட்சமே. மருத்துவமனையின் மருத்துவர், பள்ளியின் ஆசிரியர் போன்றோரின் ஊதியம் இவ்வரம்பில் சேராது என்பது உண்மை. ஆயினும் கணக்காளர் ஊதியமும் அலுவலக வாடகையும் தணிக்கைக் கட்டணமும் அந்த இரண்டு இலட்சத்துக்குள்தான் அடங்கவேண்டும். சட்டம் கேட்கும் கணக்குகள் பெருகிய காலத்திலேயே கணக்கு எழுதுவோருக்கான பணம் சுருங்கியது.

இத்திருத்தங்களுக்கு ஆதரவான வாதத்தையும் எண்ணிப் பார்க்கவேண்டும். ஒரு தொகை பல கை மாறும்போது அதன் இறுதிப் பயன்பாட்டைக் கண்காணிப்பது கடினமாகிறது. ஒவ்வொரு கட்டத்திலும் நிர்வாகச் செலவு கழிகிறது. 2022 ஏப்ரலில் நோயல் ஹார்ப்பர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இத்திருத்தங்கள் செல்லும் எனத் தீர்ப்பளித்தது. கண்காணிப்பின் நோக்கம் குறித்து ஐயமில்லை. ஆனால், இடைநிலை நிறுவனமே ஒரு கண்காணிப்பு அமைப்பாகச் செயல்பட்டது என்பதைத் தரமணி அனுபவம் உணர்த்துகிறது. அதை நீக்கும்போது முறைகேட்டுக்கான வாய்ப்போடு சேர்ந்து மேற்பார்வையும் நீங்குகிறது.

உள்நாட்டு நிதியிலும் இதே போக்கு தெரிகிறது. ஓர் அறக்கட்டளை மற்றோர் அறக்கட்டளைக்கு வழங்கும் நன்கொடையில் 85 விழுக்காடு மட்டுமே அறப்பணிக்கான செலவாகக் கொள்ளப்படும் என 2023ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் வரையறுத்தது. நேரடியாகச் செலவிடுவோர்க்கு இக்கழிவு இல்லை. பகிர்ந்தளிப்போருக்கு மட்டும் இழப்பு நேர்கிறது.

வெள்ளமும் ஏரிகளும்

வெளிநாட்டு நிதியின் இடத்தைப் பெருநிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி நிரப்பும் என்ற எதிர்பார்ப்பு உண்டு. கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவு, வரம்புக்கு உட்பட்ட நிறுவனங்கள் முந்தைய மூன்றாண்டுகளின் சராசரி நிகர இலாபத்தில் இரண்டு விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிடப் பணிக்கிறது. இது 2014 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது.

2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. முடிச்சூரும் வரதராஜபுரமும் அடையாற்று வெள்ளத்தில் மூழ்கின. அதன்பின் இவ்வட்டாரத்தில் தொண்டுப் பணியின் கவனம் நீர்நிலைகளின்மேல் குவிந்தது. செம்பாக்கம் ஏரியை மீட்கும் பணியில் நேச்சர் கன்சர்வன்சி, கேர் எர்த் அறக்கட்டளை, சென்னை ஐ.ஐ.டி. ஆகியவை இணைந்தன. சிட்லபாக்கத்தில் குடியிருப்போரே ஏரிக்காகத் திரண்டனர். இவை இன்றியமையாத பணிகள்.

எனினும் ஏரிப் பணியும் எய்ட்ஸ் தடுப்புப் பணியும் ஒரே தன்மையன அல்ல. தூர் வாரிய ஏரியை அளக்கலாம், படம் எடுக்கலாம், நிதியாண்டு முடிவில் அறிக்கையில் காட்டலாம். ஓர் ஓட்டுநரின் அச்சம் நீங்கியதை அவ்வாறு காட்ட இயலாது. மேலும், 135ஆம் பிரிவு நிறுவனம் இயங்கும் உள்ளூர்ப் பகுதிக்கு முன்னுரிமை தரக் கூறுகிறது. பழைய மாமல்லபுரம் சாலையின் மென்பொருள் நிறுவனங்களும் ஒரகடத்தின் ஊர்தித் தொழிற்சாலைகளும் அருகிலிருப்பதால் தென்சென்னைப் புறநகருக்கு இது வாய்ப்பாகிறது. பெருந்தொழில்கள் குறைந்த மாவட்டங்களின் சிறு அமைப்புகளுக்கு அவ்வாய்ப்பு குறைவு. இடைநிலை நிறுவனம் இருந்தபோது சென்னையில் வந்திறங்கிய தொகை தொலைவிலுள்ள ஊர்களுக்கும் பகிரப்பட்டது. அப்பகிர்வு வழியே இன்று குறுகியுள்ளது.

முடிவுரை

எய்ட்ஸ் தடுப்புப் பணி நின்றுவிடவில்லை. இடைநிலை நிறுவனம் செய்த பகிர்வையும் மேற்பார்வையையும் மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் செய்துவருகிறது. சானடோரியம் அரசுடைமையானதைப் போன்றே இதுவும் ஒரு கைமாற்றம். ஆனால் மனநலம், மாற்றுத்திறனாளர் நலம், புலம்பெயர் தொழிலாளர் நலம் என எல்லாத் துறைகளிலும் அத்தகைய அரசுச் சங்கம் அமைந்துவிடவில்லை. அரசு ஏற்காத, பெருநிறுவனம் விரும்பாத பணிகளைச் செய்யும் சிறு அமைப்புகளே இம்மாற்றத்தின் சுமையைத் தாங்குகின்றன.

ஆண்டு வருமானம் ஐந்து கோடி ரூபாயைத் தாண்டாத அறக்கட்டளைகளின் வரிவிலக்குப் பதிவுக் காலத்தை ஐந்திலிருந்து பத்தாண்டுகளாக நீட்டித்த 2025ஆம் ஆண்டின் நிதிச் சட்டம், சிறு அமைப்புகளின் நிலையைச் சட்டம் தனித்து நோக்க முடியும் என்பதற்குச் சான்றாகும். அந்நோக்கு பகிர்வு நிதிக்கும் நீளவேண்டும். கடும் தணிக்கைக்கு உட்பட்ட இடைநிலை நிறுவனங்களுக்கு மட்டுமாவது பகிரும் உரிமையை மீண்டும் வழங்குவது குறித்துச் சட்ட ஆய்வாளர்கள் எண்ணிப் பார்க்கலாம். மாவட்டவாரியாக எத்தனை சிறு அமைப்புகள் 2020க்குப் பின் செயலிழந்தன என்பதைப் பதிவுத் துறை ஆவணங்களைக் கொண்டு கணக்கிடுவதும் அடுத்துச் செய்யத்தக்க ஆய்வாகும்.