குதிரை வாகனம் மட்டுமா?

உடல் முழுவதும் இரும்புக் கவசம், கையில் நீண்ட ஈட்டி, பாய்ந்து வரும் குதிரை. இடைக்கால ஐரோப்பாவின் 'நைட்' வீரர்களைத் திரைப்படங்களில் பார்த்திருப்பீர்கள். அவர்களுக்குக் குதிரை எதற்கு? "கவசம் கனமானது, அதை அணிந்துகொண்டு நடக்க முடியாது" என்று பலர் சொல்வார்கள். அது தவறு. 15ஆம் நூற்றாண்டின் முழுக் கவசமே ஏறத்தாழ 20 முதல் 25 கிலோதான். எடை உடல் முழுவதும் பரவியிருப்பதால், பயிற்சி பெற்றவர் அதோடு ஓடலாம்; விழுந்தால் தானே எழலாம்.

உண்மைக் காரணம் உங்கள் இயற்பியல் பாடத்தில் இருக்கிறது. நிறையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் இயக்க ஆற்றல் கிடைக்கும். கவசத்தோடு 100 கிலோ எடையுள்ள வீரர் வினாடிக்கு 4 மீட்டர் வேகத்தில் ஓடினால் 800 ஜூல். அவரையே 400 கிலோ குதிரையில் ஏற்றி, வினாடிக்கு 8 மீட்டர் வேகத்தில் விட்டுப் பாருங்கள்: 16,000 ஜூல். 20 மடங்கு! நிறை கூடியதால் 5 மடங்கு, வேகம் இரட்டித்ததால் 4 மடங்கு.

(400 கிலோ குறைவு என்று நினைக்காதீர்கள். இங்கிலாந்தில் கிடைத்த எலும்புகளை அளந்த ஆய்வாளர்கள், அக்காலக் குதிரைகளில் பெரும்பாலானவை இன்றைய மட்டக்குதிரையின் உயரமே இருந்ததாக 2021இல் தெரிவித்தனர்.)

ஆனால் அந்த ஆற்றல் ஈட்டி முனைக்குப் போய்ச் சேர வேண்டுமே! கையை ஓங்கிக் குத்தினால் பெரும்பாலும் கையின் பலம்தான் சேரும். ஈட்டியை அக்குளில் இறுக்கிப் பிடித்தால் குதிரை, வீரர், ஈட்டி மூன்றும் ஒரே பொருளாகப் பாயும். 1066இல் நடந்த ஹேஸ்டிங்ஸ் போரைக் காட்டும் பேயோ பூத்தையல் துணியில் இரண்டு விதமாகவும் பிடித்திருக்கிறார்கள். பழக்கம் மாறிவந்த காலம் அது. நியூட்டனின் மூன்றாம் விதிப்படி மோதல் வீரரையும் பின்னால் தள்ளும். அவர் விழாமல் தாங்கியது உயர்ந்த முதுகுள்ள சேணம். கால் வைக்கும் அங்கவடியும் உதவியது. அப்படியும் 16,000 ஜூலும் எதிரியைச் சென்றடையாது. பல நேரங்களில் ஈட்டியே முறிந்துவிடும்.

வேகம் பாதியானால் ஆற்றல் கால்வாசியாகிவிடும். 1302இல் இன்றைய பெல்ஜியத்தின் கோர்ட்ரை நகரருகே அதுதான் பிரெஞ்சு வீரர்களுக்குச் சிக்கலானது. நிலமெங்கும் ஓடைகளும் பள்ளங்களும். எதிரே பிளாண்டர்ஸ் நகரங்களின் நெசவாளர்களும் கைவினைஞர்களும் நீண்ட ஈட்டிகளோடு நெருக்கமாக நின்றார்கள். கூர்முனைச் சுவரில் பாயக் குதிரைக்கு மனம் வருமா? வீரர்கள் தோற்றார்கள். குதிரையை விரட்ட அவர்கள் குதிகாலில் அணிந்திருந்த பொன் முட்களைச் சேகரித்து, வென்றவர்கள் தேவாலயத்தில் தொங்கவிட்டார்கள். இன்றும் அதற்குப் 'பொன் குதிமுள் போர்' என்றே பெயர்.