ஆள் போயாச்சு, கணக்கு போகலே!

2021 மே மாதம். அமெரிக்காவின் கலோனியல் பைப்லைன் எண்ணெய்க் கம்பெனியைக் கம்ப்யூட்டர் கொள்ளையர்கள் தாக்கினார்கள். எந்த வழியாகத் தெரியுமா? யாரும் பயன்படுத்தாமல் கிடந்த ஒரு பழைய கணக்கு வழியாக! கம்பெனியே குழாயை மூடியது. பெட்ரோல் பங்க்குகளில் கூட்டம் அலைமோதியது. கம்பெனி அழுத பணம் சுமார் 44 லட்சம் டாலர்.

இப்படிக் கிடக்கும் கணக்குகளைப் பிடிக்கப் பெரிய வித்தை வேண்டாம். ஆபீஸ் கம்ப்யூட்டர்களின் பேரேடு ஆக்டிவ் டைரக்டரி. எல்லார் பெயரும் அதில் உண்டு. பவர்ஷெல்லில் 'கெட்-ஏடியூசர்' என்று கேட்டு, 'எக்ஸ்போர்ட்-சிஎஸ்வி' என்று முடித்தால் எக்சலில் திறக்கும் பட்டியல் ரெடி. கடைசியாக உள்ளே வந்த தேதியைத் தனியாகக் கேட்கணும். கேட்காவிட்டால் வராது.

கோட்டை விடுகிற இடமும் அதுதான். அந்தத் தேதி 14 நாள் வரை பின்தங்கி நிற்கும். "பத்து நாளாக ஆளைக் காணோமே" என்று நீக்கினால், நேற்று வந்தவர் கணக்கு காலி! தமிழில் எழுதிய பெயர்களோ பழைய பவர்ஷெல்லில் வெறும் "????" ஆகிவிடும். யுடிஎஃப்-8 என்று சொல்லித்தான் எடுக்கணும்.

இன்னொரு திடுக் விஷயம். இந்தப் பட்டியலை எடுக்க அதிகாரி கணக்கு தேவையில்லை. வழக்கமான அமைப்பில் சாதாரண ஊழியர் கணக்கே போதும். அதைத் திருடியவனுக்கும்தான்!